ஐம்பது வெள்ளிக்குப் பார்த்துச் சொல்வது

செம்பனை ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதும்
கோமளவல்லி கூப்பிட்டாள், வீடு பார்க்க.
"டைல்ஸ் வேலை செய்றவரு நீங்க,
உங்க கண்ணுக்குத் தப்பாது அண்ணே.
அம்பது வெள்ளி தர்றேன்."

எந்த வீடென்று சொன்னபோதே
நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.
பீடோர், தாமான் கெனாங்கா, மூன்றாம் வரிசை,
கடைசிக்கு முந்தைய வீடு.
தைப்பூசத்துக்கு ஒரு நாள் விட்டதைத் தவிர
நானும் அனிசூரும்
மாதம் முழுக்கக் குனிந்து கிடந்த வீடு.

திறக்கவில்லை.
மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டேக்ஸ் கட்ட வேண்டிய வாரம்.

ஏஜெண்ட் ஹஸ்லினா கிரில்லைத் திறந்துவிட்டு
"செமுவா பாரு" என்றாள்.
எல்லாம் புதிது என்று மலாயில்.
எனக்கு மட்டும் அந்த 'பாரு'
தமிழில் கேட்டது.

இருபது சென் காசால் தரையைத் தட்டினேன்.
கெட்டியான இடமாகப் பார்த்துத்தான் தட்டினேன்.
கோமளவல்லி காசை வாங்கி
அவளாகவே குந்தி
அடுப்படி வாசல்வரை தட்டிக்கொண்டே போனாள்.
டொக்.
பானை வயிறு மாதிரி.
பழைய டைலைப் பெயர்த்தால் நாலு நாள் கூலி,
மேலேயே ஒட்டு என்றார் முதலாளி லியோங்.
ஒட்டினேன்.

பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படிக்குத்
தனி அஸ்திவாரம், தனி மனசு.
ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்து
செம்பனையை வெட்டி வீடு வைத்த மண்
இன்னும் ஒழுங்காகப் படுக்கவில்லை.
மகனுடைய கோலிக்குண்டைக்
கைப்பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு பின்சந்துக் கதவைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

"என்ன அண்ணே?"
"எல்லா வீட்டுலயும் கொஞ்சம் ஓடும்மா."

பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடத்தில்
ஒரு விரிசல்.
மூன்று முறை பட்டி பார்த்தேன்.
நாலாவது முறை லியோங்
அங்கே ஓர் அலமாரியை வைத்துவிட்டார்.
அதைப் பற்றி நான் பேசவில்லை.
சீலிங்கைப் பார்த்து "நல்ல வெள்ளை" என்றேன்.
வெள்ளைதான்.
அதற்கு மேலே உத்தரத்தில் குடியிருப்பவை
வாடகை கொடுப்பதில்லை.

ஸ்டோர் அறை இருட்டு.
ஹஸ்லினா கைப்பேசி விளக்கைத் தேடிக்கொண்டிருந்தாள்.
என் கை
கதவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில்,
யாரும் சுவிட்ச் வைக்காத இடத்துக்குப் போய்
விளக்கைப் போட்டது.
(ஒயரை மாற்றவில்லை. பழைய ஒயர் அதுவரைக்கும்தான் எட்டியது.)

கோமளவல்லி விளக்கைப் பார்த்தாள்.
பிறகு என் கையை.

குலைக்கு அடியில் கல்லையும் ஈரமண்ணையும்
ஏற்றிவரும் லாரிகளை
நாளுக்கு எண்பது பார்க்கிறவள்.
உள்ளே போகையில் ஓர் எடை,
வெளியே வருகையில் ஓர் எடை,
நடுவில் இருப்பதுதான் சரக்கு.

வாசலுக்கு வந்தோம். நாலு மணி மழை
சொன்ன நேரத்துக்கு வந்து
போர்ச் தகரத்தில் இறங்கியது.
அந்தச் சத்தத்துக்குள்
பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காமல்,
"எத்தனை நாள் வேலை?" என்றாள்.

"இருபத்தாறு."

கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் வைத்திருந்தேன்.
பையிலிருந்து ஐம்பது வெள்ளித் தாளை எடுத்தாள்.
நீட்டவில்லை. மடித்து, உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.
"வாங்க, மழையோட இன்னொரு தடவை பாத்துருவோம்."

அலமாரியின் ஒரு முனை எனக்கு,
மறுமுனை அவளுக்கு.
ஹஸ்லினா பதறி ஏதோ சொன்னாள்.
இழுத்தோம்.

நான் விட்டுவந்ததைவிட
ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.
உள்ளே மெதுவாகத்
தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.