குள்ளர் வீடு

அரையாண்டு லீவில் கொடைக்கானலுக்கு
இ-பாஸ் எடுக்க மறந்தவன் நான்.
படகு இல்லாத மலை ஒரு மலையா என்று கேட்டுவிட்டு
செம்பட்டி வரை பரக்கத் பேசவில்லை.
தடியன்குடிசை வருவதற்குள் காசிம்
இரண்டு முறை வாந்தி எடுத்தான்.
முகர்ந்துகொள்ளக் கொடுத்த எலுமிச்சையை
வளைவில் ஜன்னலுக்கு வெளியே எறிந்தான்.
அது எங்களுக்கு முன்பே
ஊர் திரும்பியிருக்கும்.

தாண்டிக்குடியில் டீக்கடைக்குப் பின்னால்
காட்டுக்குள் இறங்குகிறது பாதை.
தலையில் காப்பிப்பழச் சாக்கு வைத்திருந்தவர்
கை காட்ட முடியாமல் தாடையால் திசை சொன்னார்:
"அந்தா, சில்வர் ஓக்குக்கு அந்தப் பக்கம்,
குள்ளர் வீடு.
பூட்டெல்லாம் கிடையாது, போங்க."
திண்டுக்கல்லில் இருந்து வருகிறோம் என்று
அவரிடம் நாங்கள் சொல்லவே இல்லை.

நின்ற கல் நான்கு, மூடுகல் ஒன்று.
அவ்வளவுதான்.
இதற்கா அறுபது கிலோமீட்டர் என்று
பரக்கத் கேட்கவில்லை.
குடையை மட்டும்
இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள்.

தொல்லியல் பலகையைத் துரு தின்றிருந்தது,
எண்ணை முதலில்.
நாலாம் வகுப்பு ஷம்ஷாத் எழுத்துக்கூட்டினாள்:
"ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈமச்சின்னம்."
எத்தனை ஆண்டு, அத்தா?
நிறைய.
நிறையன்னா நூறா?
நூறு இருக்கும், என்றேன்.
இவ்வளவு பெரிய தள்ளுபடி
என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்
யாருக்கும் கொடுத்ததில்லை.

ஈமம்னா?
நான் மூடுகல்லின் பாசியைப் பார்த்தேன்.
காசிம் முந்திக்கொண்டான்:
"ஈரம், லாத்தா. தப்பா எழுதியிருக்காங்க."
தொட்டும் காட்டினான்.
ஈரமாகத்தான் இருந்தது.
திருத்த மனம் வரவில்லை.

பிறகு மழை.
மலையில் அது மேலிருந்து வருவதில்லை,
பக்கத்திலிருந்து வருகிறது.
கிழக்குக் கல்லில் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு
வட்டமாய் ஒரு துளை.
இரண்டும் உள்ளே போய்விட்டன,
முறுக்குப் பொட்டலத்தோடு.
கம்பி உடைந்த ஒற்றைக் குடையில்
ஆளுக்கொரு தோள் நனைய
நாங்கள் வெளியே.
எத்தனை பேர் சேர்ந்து ஏற்றினார்களோ
அந்த மூடுகல்லை,
ஒழுகாமல் ஏற்றியிருக்கிறார்கள்.
போன வருஷம் போட்ட எங்கள் தளம் ஒழுகுகிறது.

பரக்கத் குனிந்து கல்லைத் தட்டினாள்.
"யாரு?" என்றது உள்ளே.
"அம்மா."
"எந்த அம்மா?"
சிரிக்கத் தொடங்கியவள்
பாதியில் என்னைப் பார்த்தாள்.
ஈமம் என்றால் என்னவென்று
அவளுக்குத் தெரியும்.
"போதும், வெளிய வாங்க" என்றாள்,
சாதாரணமாகச் சொல்ல நினைத்து
கொஞ்சம் சத்தமாக.

வந்தார்கள்.
முழங்காலில் மண், உதட்டில் எள்.
இரண்டு பிள்ளைகளையும் ஒருமுறை எண்ணினாள்.
மறுபடியும் எண்ணினாள்.

அவள் எண்ணாதது செருப்பை.

மிதித்தால் சிவப்பாய் மின்னும் செருப்பு,
இடது கால்.
மங்களங்கொம்பு தாண்டித்தான் தெரிந்தது.
அந்த மழையில் வண்டியைத் திருப்ப இடமில்லை.
இருந்திருந்தாலும் திருப்பியிருப்பேனா,
தெரியவில்லை.
குடுவையும் மணியும்
அங்கே வைத்துவிட்டுப் போவார்களாம் ஒரு காலத்தில்.
எல்லாவற்றையும் யாரோ எடுத்துப் போயாயிற்று.

பட்டிவீரன்பட்டியில் கடை சாத்தப் போனவர்
எங்களுக்காக விளக்கை மறுபடி போட்டார்.
காசிமைப் பெஞ்சில் உட்காரவைத்து
வெறுங்காலை ஒரு துணியால் துடைத்தார்.
இன்னொன்னு எங்கப்பா?

"வீட்டுல இருக்கு," என்றான்.