தெரியுதோ

டண்டினோங்கில் கண்ணாடிக் கடை எனக்கு.
இருட்டறைக்குள் ஆட்களை இருத்தி
நாளுக்கு நூறு தரம் கேட்பேன்:
தெரியுதோ?
கடைசி வரி வந்ததும் எல்லோரும் பொய் சொல்வார்கள்.
தெரியுது, தெரியுது என்பார்கள்,
மூன்றை எட்டு என்று வாசித்தபடி.
நான் கோபிப்பதில்லை.
நானும் ஒருமுறை சொன்னவள்தான்.

அது கொழும்பில். பகல் பதினொன்றே முக்கால்.
மண்டபத்து மின்விசிறியைக் காட்டி
அருந்ததி என்றார்கள்.
தெரியுது என்றேன்.
ஒன்பது வருடம் அந்தச் சொல்லுக்குள் குடியிருந்தேன்.

இப்போது நாற்பத்தாறு வயது.
மெல்பேர்ணின் தை மாத வெயிலில் இரண்டாம் முறை.
அம்மி கிடைக்கவில்லை.
குகநேசர் பன்னிங்ஸில் வாங்கிவந்த நடைபாதைக் கல்,
பதினொரு டொலர்,
விலைச்சீட்டின் பசை பாதத்தில் ஒட்டியது.
கல்லைப் போல் அசையாமல் நில் என்பது
அந்த மந்திரத்தின் பொருளாம்.
நான் நின்றேன்.
கல்தான் ஆடியது.

பிறகு வடக்கு வாசல்.
குருக்கள் விரலை நீட்டினார்:
முதலில் பெரியதைப் பார், அவர் வசிட்டர்.
பக்கத்தில் ஒட்டினாற்போல் மங்கலாய் ஒன்று,
அதுதான்.
பெரிதைக் காட்டிச் சிறிதுக்குக் கூட்டிப்போவதற்கு
அருந்ததி நியாயம் என்று பேர்.
என் பிழைப்பும் அதுவே.
அவர் விரல் போய் முடிந்த இடத்தில்
பச்சை வெளிச்சத்துக்குள் ஒரு மனிதன்
கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.
அவசர வழி.

"தெரியுதோ, பிள்ளை?"

வடமீன் என்பது அதன் பழைய பெயர்.
வடக்கே வாழ்ந்தவர்கள் வைத்தது.
இந்த ஊரில் அது அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது,
வருடம் முழுவதும்.
எழும்புவதே இல்லை.
அருந்ததியைக் காணாதவர்
ஆறு மாதத்தில் சாவார் என்பார்கள்.
அது மெய்யானால்
மெல்பேர்ணில் இந்நேரம்
ஆளில்லாத டிராம்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

"தெரியேல்லை, ஐயா" என்றேன்.

ஒலிபெருக்கி நாதஸ்வரம் அந்த நேரம் பார்த்தா ஓய வேண்டும்?
முன்வரிசையில் பெரிய மச்சாள் இருமினாள்.
குகநேசர் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி,
கொஞ்ச நேரம் நிசமாகவே தேடினார்.
"எனக்கும்தான்" என்றார்.
குருக்கள் சிரித்தாரோ, தொண்டையைச் செருமினாரோ,
விரலை மடக்கிக்கொண்டு
அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

இரவு பத்து மணி.
வாடகைப் பாத்திரங்களைக் காரில் ஏற்றிவிட்டு
தரிப்பிடத்தில் நின்று வடக்கே பார்த்தேன்.

முனிவர் ஏழு பேர், மனைவியர் ஏழு பேர்.
நெருப்புக்கு அவர்கள் மேல் ஆசை வந்ததாம்.
சுவாகா என்பவள்
ஒவ்வொருத்தியாய் உருவெடுத்து நெருப்பிடம் போனாள்.
ஆறு உருவம் வாய்த்தது.
அருந்ததியின் உரு மட்டும் வாய்க்கவில்லை.
கதை அவளோடு நிற்கிறது,
எங்களையும் அங்கேயே நிறுத்துகிறது.
மற்ற ஆறு பேர்?
செய்யாத குற்றத்துக்கு
ஆறு வீட்டுக் கதவும் சாத்தப்பட்டது.
போக்கிடம் இல்லாமல்
ஒன்றாய்ச் சேர்ந்து வானத்தில் குடியேறினார்கள்.
கார்த்திகை என்கிறோம்.
எந்த மணவறையிலும் எனக்கு
ஒருவரும் அவர்களைக் காட்டியதில்லை.

இதோ,
சூப்பர்மார்க்கெட் கூரைக்கு மேலே,
அதே வடக்கில்,
யாரும் விரல் நீட்டாமலே.

"எத்தனை தெரியுது?" என்று கேட்டேன்.
"நாலு" என்றார் குகநேசர். "பொறும். ஐந்து."
ஆறாவதற்கு அவர் பொய் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு வாங்கோ
என்றேன்.