ஒரே கெண்டி

எங்களிடம் இருப்பது ஒரே கெண்டி.
அலுமினியம். கோவேறு கழுதை மிதித்ததில்
மூக்கு இடப்பக்கம் கோணல்.
தேநீரும் அதில்தான்,
குக்ரிக்குத் தண்ணீர் காட்டுவதும் அதில்தான்.

"பொறுங்கள்" என்றேன் ஆஸ்மான் தமாங்கிடம்.
"முதலில் உங்கள் கத்தி குடிக்கட்டும்."

பதினோரு வருடம் ஓட்டிய லாரியின்
உடைந்த பட்டையைக் கோணியில் சுற்றிக்கொண்டு
போஜ்பூர் ஏறி வந்திருந்தார்.
லாரியை விற்றாயிற்று.
இனி ஏலக்காய்த் தோட்டமாம், கீழே ஆற்றோரம்.
"சிமெண்டு சுமந்தது, ஆரஞ்சு சுமந்தது,
ஒருதரம் ஒரே நாளில் இரண்டு கல்யாணப் பெண்கள்.
குழிக்குக் குழி வளைந்து நிமிர்ந்தது.
அந்த ஒரு குழிக்கு மட்டும்தான்..."
மீதியைச் சொல்லவில்லை.

என் புருஷன் பெயர் ஜூட்டே.
எங்கள் பேச்சில் எச்சில் என்று அர்த்தம்.
முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால்
எமனுக்கே அருவருக்கட்டும் என்று வைத்தது.
அவர் இரும்பின்மேல் கரித்துண்டால்
ஒரு கோடு இழுப்பார். அளவுகோல் கிடையாது.
நெற்றிப்பட்டையில் கூடை சுமப்பவனைப் போல
முன்னுக்குச் சாய்ந்த கோடு.
கை பாதி வெட்டும்,
மீதியை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும் என்பார்.
மைத்துனன் கெஹர் சம்மட்டி அடிக்க, இவர் புரட்ட,
மதியத்துக்குள் லாரி போய்விட்டது.

கைப்பிடிக்கு மேலே அந்தச் சின்னப் பள்ளம் எதற்கு?
எல்லோரும் கேட்பார்கள்.
பூசாரிக்குப் பசுவின் குளம்பு.
கேமராக்காரர்களுக்கு, ரத்தம் வடிய.
காவல் நிலையத்து ஹவில்தாருக்குப் பிறைநிலா.
ஆஸ்மானுக்கு நிமிராமலே சொன்னார்:
"சாணைக்கல் அங்கே பிரேக் போடும்."

பிறகு கதவை ஒருக்களித்தோம்.
வெயிலில் நிறம் பொய் சொல்லும்.
உலையிலிருந்து வந்தது லாலிகுராஸ் பூவின் சிவப்பு,
மொட்டின் சிவப்பில்லை,
உதிர ஒருநாள் இருக்கிற பூவினுடையது.

இனி என் வேலை.
கோணல் மூக்கை விளிம்புக்கு நேராகப் பிடித்து
நுனிவரை ஒரு நூல், திரும்பி வர ஒரு நூல்,
வயிற்றில் மட்டும் சற்று நின்று.
முதுகில் சொட்டுப் படக்கூடாது.
விளிம்பு இறுக வேண்டும்;
முதுகு இன்னும் லாரியாகவே இருக்க வேண்டும்,
வளைந்து நிமிரத் தெரிந்ததாக.
அதிகம் ஊற்றினால் கண்ணாடி. குறைந்தால் கரண்டி.
எப்போது நிறுத்துவது என்று கேட்காதீர்கள்.
இரும்பின் சீற்றம் ஓரிடத்தில் முனகலாக மாறும்.
அங்கே.

எருமைக் கொம்பில் ஒரே போடு. பல் விழவில்லை.
ஆஸ்மான் முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்தார்.
பிறகு, வந்த காரியம் மறந்தவர்போல,
"தேநீர்?" என்றார்.

கெண்டியை அலசினேன்.
இஞ்சி தட்டப் புதுக் குக்ரிதான் கைக்கு அகப்பட்டது.
ரத்தம் காணாமல் உறைக்குள் போகாது என்பார்களே,
இது இஞ்சியைக் கண்டு போயிற்று.

மேட்டுக் கார்க்கி வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம்,
போன தசைன் கிடாவுக்கு.
வாசல்வரை நான். வாசலுக்கு அப்பால் கத்தி.
வீட்டம்மாள் மோதிரம் நனைத்த தண்ணீரை
அதன்மேல் தெளித்தாள், என் கை பட்ட தீட்டுப் போக.
சிரிப்பு வந்தது. அடக்கினேன். பணம் பாக்கி இருந்தது.
இந்தக் கெண்டித் தண்ணீர்
விளிம்புக்குள்ளேயே போயாயிற்று, அம்மா.
அதை எடுத்துவிட்டால்
உங்கள் கத்தி வெங்காயம்கூட நறுக்காது.

ஆஸ்மான் இரண்டாவது தம்ளர் கேட்டார்,
சர்க்கரை தூக்கலாக.
"கத்திக்கும் இதிலேதானா ஊற்றினீர்கள்?"
"இதிலேதான்."
தம்ளரைப் பார்த்தார், குக்ரியைப் பார்த்தார்.
"அப்போ பங்காளி" என்று அதன் முதுகைத் தட்டினார்.

கெஹர் துருத்தியை மிதிக்கத் தொடங்கிவிட்டான்.
கெண்டி காலி.
குழாயடியில் எனக்கு முன் நாலு குடம்.
"இரும்பு சிவந்துவிட்டது, காத்திருக்காது" என்றேன்.
வழிவிட்டார்களா, விலகிக்கொண்டார்களா,
பார்க்க நேரமில்லை.