உப்புப் பார்த்தல்

காய்ச்சல் மூன்று நாளில் இறங்கியது.
நான்காம் நாள் பெருங்காய டப்பாவைத் திறந்தேன்.
ஒன்றுமில்லை.
மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தேன்.
தும்மல் வந்தது, மணம் வரவில்லை.

பள்ளத்தூரில் சாந்திக் கல்யாணம், எண்ணூறு இலை,
அட்வான்ஸ் வாங்கியாயிற்று.
யாரிடமும் சொல்லவில்லை.
சமையல்காரிக்கு மூக்குப் போச்சென்றால்
ஊமை ஏலம் விடப் போன கதைதான்.

கைக்குத் தெரிந்திருந்தது.
கல்பாசி எவ்வளவு கிள்ள வேண்டும், மராட்டி மொக்கு எத்தனை,
சோம்பு பொரியும் சத்தம் எப்போது மெலியும்,
வெங்காயத்தின் ஓரம் எந்தச் சிவப்பில் நிற்க வேண்டும்.
உப்புக்கு மட்டும் ஆள் வேண்டியிருந்தது.
"வள்ளிக்கண்ணு, இதைக் கொஞ்சம் பாரு."
உள்ளங்கையை நக்கிவிட்டுச் சரி என்பாள்.
அன்றைக்கு அவள் நாக்குதான் என் நாக்கு.
அவள் நாக்கு என்னுடையதாக முடியுமென்றால்
இத்தனை வருஷம் என் வாயில் கிடந்ததும்
அப்படியொரு கைமாற்றுத்தானோ?

பந்தி எழுந்து கை கழுவப் போனவர்கள்
குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள்.
உமையாள் ஆச்சி உள்ளே வந்து
"உன் கைமணம் யாருக்கு வரும், சௌந்தரம்" என்றார்.
சிரித்துத் தொலைத்தேன்.
மணம் எங்கோ நடந்தது.
சௌந்தரம் என்ற பெயர் எங்கோ விழுந்தது.
இரண்டும் என் மேல் படவில்லை.

இரவு அண்டாக்களைக் கவிழ்த்துவிட்டு
ரெண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் படுத்தேன்.
மேலே வளவளவு வானம்.
தூக்கம் வராமல், மளிகைக்குச் சீட்டெழுதுகிற மாதிரி
எழுதிப் பார்த்தேன்.
மூக்கு: போயிற்று. இருக்கிறேன்.
நாக்கு: போயிற்று. இருக்கிறேன்.
இடது காதில் பாதியைக் கிரைண்டர் தின்றுவிட்டது.
கண்ணை மூடினேன். இருக்கிறேன்.
முதுகின் குளிர்ச்சி?
அது எனக்குத் தெரிகிறது, தள்ளி வை.
கோவிலூர் மடத்துக்குப் பரிமாறப் போனபோது
காதில் விழுந்திருக்கிறது,
காணப்படுவது காண்பவன் ஆகாதென்று.
அன்றைக்கு என் கவனம் மோர் வாளியில்.
சாமியார்களுக்குப் பொழுது போக வேண்டாமா
என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, பயம்?
விஷயம் வெளியே தெரிந்தால் ஆர்டர் போய்விடுமே என்று
வயிற்றில் உருளுகிற இது?
அதுவும் தெரிகிறது.
சௌந்தரம்? அவளும் தெரிகிறாள்,
அண்டா பக்கத்தில் குத்துக்காலிட்டுக் கணக்குப் பார்க்கிறாள்.
அப்படியானால், மணமில்லை என்று
உப்புப் பார்க்கிற மாதிரி பார்த்துச் சொன்னது
யார்?

கேட்டேன்.
பதில் வரவில்லை.
வராததும் தெரிந்தது.
சீட்டு இருந்தது, எழுதுகிறவளைக் காணோம்.
எவ்வளவு நேரமோ.
வௌவால் ஒன்று வானத்தைக் கடந்தது.
கடந்தது, அவ்வளவுதான்.

பிறகு கொசு கடித்தது, அடித்தேன்,
வந்து சேர்ந்துவிட்டேன் என் கடன்களோடு.

ஆறாவது வாரம் காரைக்குடிச் சந்தையில்
யாரோ மல்லிக் கட்டை உதறினார்கள்.
முதுகில் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி மணம்.
பொய் சொல்வானேன், அழுதேன்.
கட்டை வாங்கி முகத்தில் அப்பிக்கொண்டேன்.
"வாங்குறதுன்னா வாங்கு, மோந்துட்டு வைக்காதே"
என்றாள் கடைக்காரி.
நாலு கட்டு வாங்கினேன், தேவைக்கு மேல் மூன்று.

ஆசை விட்டதென்று எவரும் நினைக்க வேண்டாம்.
நல்லெண்ணெயில் பூண்டு வதங்கினால்
இன்றைக்கும் கிறுக்கேறுகிறது.
ஏறும்போதே, மணமில்லாத நாளிலும்
குறைவில்லாமல் இருந்தது ஒன்று
கிட்டத்தில் இருக்கிறது.
உப்புக் கேட்காது, உறைப்புக் கேட்காது.
பல நாள் அதை மறந்துபோகிறேன்.
அதற்கொன்றும் கோபமில்லை.

வள்ளிக்கண்ணு இப்போதும் உப்புப் பார்க்க வருகிறாள்.
வேண்டாமென்று நான் சொல்லவில்லை.
ஒரு சொட்டு ஊற்றுகிறேன், கண்ணை மூடி நக்குகிறாள்.
"சரியாயிருக்கு."
யாருக்கு என்று
வாய்விட்டுக் கேட்பதில்லை.
அடுப்பில் அடுத்தது காய்கிறது.