கெட்டுப்போன ஜெராக்ஸின் பின்பக்கம்

பாஸ்போர்ட் நகல் ரெண்டு போட்டாச்சு, பவுனாம்பாள்.
கறுப்படித்துப் போன தாள் ஒன்று மிச்சம்.
அதன் பின்பக்கம் எழுதித் தருகிறேன்,
ஷூ கம்பெனி தந்த டிக்கெட்டில் இதெல்லாம் இருக்காது.

தோஹாவில் இறங்கியதும் ஓடாதே.
அடுத்த விமானத்துக்கு ஐந்து மணி நேரம்.
'டிரான்ஸ்ஃபர்' என்ற ஒரு சொல்லை மட்டும் விடாதே,
முத்துக்கடையில் கிளம்பும் பஸ்ஸில்
கம்பியைப் பிடிக்கிற மாதிரி.

மாங்காய்த் தொக்கு பெரிய பெட்டிக்குள் போகட்டும்.
கைப்பையில் இருந்தால் பிடுங்கிப் போடுவார்கள்.
என்னை மாதிரி ஒருவன்
அதைக் குப்பைக்குத் தள்ளிப் போவான்,
மூடியைத் திறந்து
ஒரே ஒருமுறை மோந்துவிட்டு.

கூடம் பாலாற்று அகலம்.
ஆனால் தண்ணீர் உண்டு,
கழிப்பறைப் பக்கத்துச் சுவரில், காசில்லாமல்.
கடைசி கேட்டுக்கு முன்னால்
என் காலத்தில் தடித்த விரிப்பு கிடந்தது.
இன்னும் இருந்தால் படு.
பையைக் காலோடு கட்டிக்கொள்.

மேலே என்ன கடை, என்ன விலை
என்றெல்லாம் என்னைக் கேட்காதே.
ஆறு வருஷம் டிராலி தள்ளினவன்
குனிந்தே பார்த்த ஊர் அது.
செருப்புகள் தெரியும்.
ஓடுகிற செருப்பு, தொலைந்த செருப்பு,
யாரையோ வழியனுப்பிவிட்டு
நகராமல் நிற்கிற செருப்பு.
ஒருநாள் ஒரு வெள்ளைக்காரி காலில்
நம்ம ஊர்த் தையல்.
குதிகாலில் அந்த ரெட்டை வரி,
உங்கள் லைனில் போடுவீர்களே, அது.
நிமிர்ந்து முகம் பார்க்கத் தோன்றவில்லை.

சரி, நாலு ரூபாய் கொடு.
அட, நில்லு,
அசல் பாஸ்போர்ட்
கண்ணாடி மேலேயே கிடக்கிறது.