அதே பச்சை

வாங்கி மூன்றே நாள்.
ஃபெராரா ரயில் நிலையத்து இரும்புச் சட்டங்களில்
நூறு சைக்கிள்கள் நெருக்கியடித்து நிற்க
என் பச்சையின் மேல்குழாயில்
அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
வண்ணத்துக்கடியில் சாம்பல் பூச்சு,
அதற்கும் கீழே
பல்லிளிக்கும் இரும்பு.

"ஓடுதில்ல? அப்புறமென்ன" என்றான் இவானோ.
ஓடும்தான்.
பதினோரு மாத இரவுப்பணிக் காசு
ஓடுவதற்கு மட்டுமா?

அந்தப் பச்சை தனியாக வராது என்றார்
கடைக்கார தெல்மோ.
நகப்பூச்சு போதுமாம், துரு ஏறாதிருந்தால் சரியாம்.
பத்து விரலுக்குப் பத்துப் பச்சை
தடவிப் பார்த்தேன்.
எதுவும் அதுவல்ல.
சுண்டுவிரலில் இருந்ததை வாங்கினேன்.
அன்றிரவு வார்டில்
தலைமைச் செவிலி என் கைகளைப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் பஞ்சை நீட்டினாள்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
பல்குத்தி முனையால் ஒரு சொட்டு,
காயவிட்டு இன்னொரு சொட்டு.
படிக்கட்டடியில், மூச்சைப் பிடித்தபடி.
நரம்பு தேடி ஊசி போடும்போதுகூட
இப்படி நடுங்கியதில்லை கை.

இன்று காலை மூடுபனி.
பக்கத்துக் கிழட்டு வண்டியை ஒதுக்கி
பூட்டைக் கோக்கும்போது கண்டேன்:
அதன் மிதிகட்டை ஓரத்தில்
நகக்கண் அளவு
என் பச்சை.
எந்தக் கடையிலும் கிடைக்காத அதே பச்சை.

சுரண்டி எடுத்துக்கொள்ளத் தோன்றியது.
யாருடையதோ. கூடையில்
நனைந்த வெங்காயத் தோல்.
ரயிலுக்கு நாலு நிமிடம்.
மிதிகட்டையை
என் குழாயில் படாதபடி
அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு
ஓடினேன்.