விடு என்பதற்கு முன் ஒரு மூச்சு

மஹ்பூலா என்றால் அரபியில்
பித்துப் பிடித்தவள் என்று பொருளாம்.
கடலோரத்துப் பேட்டை அது.
கார் ஓட்டியபடியே வேதமாணிக்கம் சொன்னான்.
விமான நிலையம் வேறு திசையில் இருப்பது
எனக்கு அப்போது தெரியாது.

முந்தின இரவு அப்பாஸியாப் பள்ளி அரங்கில்
நட்சத்திர விழா.
நான் நட்சத்திரம் இல்லை,
இருபத்தாறு வருடம் நட்சத்திரங்களின் வாயசைவுக்குள்
குரலை ஊற்றிக்கொண்டிருந்தவள்.
பொன்னாடை போர்த்தினார்கள்.
மனோரஞ்சிதத்தை மனோரஞ்சனி என்று படித்தார்கள்.
மூன்றாம் வரிசையில் ஒருவன் மட்டும்
எழுந்து நின்று கை தட்டினான்.
சந்தோஷமாகத்தான் இருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலாவது மாடி.
எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க
முட்டை அட்டை ஒட்டியிருந்தான்.
"வடபழனி ஸ்டுடியோ மாதிரியே இருக்கா மேடம்?"
இருந்தது.
அங்கே கத்தினாலும் வெளியே கேட்காது.

ஜூலை மாதம்.
தொண்டைக்கு ஆகாதென்று ஏசியை அணைத்துவிட்டான்.
பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால்.
விரல்கூடப் பட்டதில்லை ஒருநாளும்.
டம்ளரை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்
கைகட்டி நிற்பான்.

நோட்டுப் புத்தகத்தில் அறுபத்தொரு படங்கள்.
எந்தக் காட்சியில் எச்சில் விழுங்கினேன்,
எந்த அழுகையில் ஜலதோஷம் இருந்தது, எல்லாம்.
அப்பா செத்த வாரம் பேசிய படத்தில்
'வாங்க' என்ற சொல் லேசாக உடைந்திருந்ததாம்.
என் கணவர்கூட அதைக் கவனித்ததில்லை.

டிவியில் சத்தத்தை மூடுவான்.
யாழினி ஓடுவாள், கதவைத் தட்டுவாள்.
நான் பேச வேண்டும்.

இரண்டாம் நாள் படத்தை நிறுத்தச் சொல்லி
என் சொந்தக் குரலில்
(தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது)
"தம்பி, என்னைப் போக விடு" என்றேன்.
கண் கலங்கிவிட்டான்.
பிறகு நோட்டைப் புரட்டினான்.
"'விடு'வுக்கு முன்னாடி ஒரு மூச்சு வரும் மேடம்.
அது விட்டுப்போச்சு.
இன்னொரு தடவை போலாமா?"

பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.
"பத்திரமா இருக்கு மேடம்.
என்னோடதும் பதினோரு வருஷமா
கஃபீல்கிட்ட பத்திரமாத்தான் இருக்கு."
கிண்டலே இல்லை அதில்.
ஆறுதல் சொன்னான்.

அன்றிரவு முடிவெடுத்தேன் என்றால் பொய்.
வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.
மறுநாளும் வரவில்லை.
அதிமதுரம் கொண்டுவந்தான்.
ஏசியைப் போட்டான், அணைத்தான், போட்டான்.
அதற்கடுத்த நாள் ஜன்னலெல்லாம் செங்காவி,
வெளியே புழுதிப் புயல்.
அப்போதுதான்
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.
வேர்வரை வெளுத்த வகிடு,
வலது கண்ணுக்கடியில் பை,
ஐம்பத்து மூன்று வயது.
பஸ்ஸில் தவறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு
இடம்விடுவதுபோலக் கொஞ்சம் நகர்ந்துகொண்டான்.
தேன் வாங்கி வருவதாக
யாரிடமோ சொல்லிவிட்டுப் போனான்.

சாவி திரும்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.
அதன் நீளம் எனக்கு மனப்பாடம்.
வரவில்லை.
முன்பின் தெரியாத ஒருத்தியை
யார் பூட்டி வைப்பார்கள்?

பகாலா வாசலில் அவன் முதுகு.
தேன் பாட்டிலைத் தூக்கி
இல்லாத வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தான்.
பொன்னாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
அவனைத் தாண்டி நடந்தேன்.
வெறுங்கால். இருமலை விழுங்கினேன்.
இருமினால் தெரிந்துகொள்வான்.

காவல் நிலையத்தில் மொழிபெயர்க்க
தில்ஷாத் என்றொரு ஆம்பூர்ப் பெண்ணை அழைத்து வந்தார்கள்.
தண்ணீர் தந்தாள். பெயர் கேட்டாள். சொன்னேன்.
பேனா நின்றது.
தலையைச் சாய்த்துக்கொண்டு,
முகம் மெல்ல மலர,
"அக்கா, உங்க குரலை
எங்கேயோ கேட்டிருக்கேன்" என்றாள்.

மீதியை
எழுதிக் காட்டினேன்.